பெட்டியை மாற்ற முதல் எர்த்தைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களும், வைக்க யோசிப்பவர்களும், பள்ளிவாசல் எம்ப்ளிஃபயருக்குப் பொறுப்பாக இருப்பவர்களும் நேரம் ஒதுக்கிக் கடைசி வரை வாசியுங்கள். போன கிழமை மட்டும் மூன்று பேர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "சேர், எங்கட பவர் கண்டிஷனர் பழசு. பெரிசா ஒண்டு போடப் போறம். எது நல்லம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் அனுப்பிக் களைத்துப் போய்த்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறோம்.

ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், கத்தாரில் ஒன்பது வருடம் இருந்தவர். அவருக்குக் கடைக்குப் போய் இருந்து பேசும் பழக்கம் இல்லை, வேறு செலவும் இல்லை. ஒரே ஆசை, வீட்டு மேல்மாடியில் ஓர் அறையைச் சினிமா மண்டபம் மாதிரி ஆக்குவது. 65 அங்குல டீவி, ரிசீவர், தனி பவர் எம்ப்ளிஃபயர், சப்வூஃபர், எல்லாவற்றையும் அடுக்க ஓர் இரும்புத் தட்டு. மொத்தம் எவ்வளவு ஆனது என்று ராத்தாவுக்கு இன்று வரை சரியான கணக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், சொல்ல மாட்டோம்.

போன ஒக்டோபரில் ஒரு பின்நேரம் இடியும் மழையும் கொட்டிய நாளில் ரிசீவரும் டிஷ் பெட்டியும் செத்துப் போயின. மச்சான் உடனே முடிவு கட்டிவிட்டார்: "அந்த மலிவு மல்டி பிளக்தான் காரணம்." நோன்புப் பெருநாளைக்கு முதல் கிழமை கொழும்புக்குப் போய் 185,000 ரூபாவுக்குப் பெரிய பவர் கண்டிஷனர் ஒன்றை வாங்கி வந்தார். இரும்பு உடம்பு, முன்னால் நீல நிறத்தில் வோல்ட்டேஜ் காட்டும் கண்ணாடி, தூக்க இரண்டு பேர் வேண்டும். கடைக்காரர் சொன்னாராம்: "இதப் போட்டா இடி விழுந்தாலும் ஒண்டும் ஆகாது." அந்தப் பெட்டியை இரும்புத் தட்டோடு ஸ்குரூ போட்டு இறுக்கி, எல்லா வயரையும் அதில் செருகினார்.

பெருநாளன்று நாங்கள் எல்லோரும் மேலே இருந்தோம். ராத்தா அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தார். ஒன்பது வயது மருமகள் வெறுங்காலோடு போய் ரிமோட்டை எடுக்கத் தட்டில் கை வைத்தாள். வைத்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, இது கடிக்குது."

மச்சான் சிரித்தார். "புதுச் சாமான், கொஞ்சம் ஸ்டாட்டிக் இருக்கும்." நாங்களும் சிரித்திருப்போம். ஆனால் பதினொராம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆளுக்கு அந்தச் சொல் உள்ளே குத்தியது. ஸ்டாட்டிக் ஒருமுறை அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை. புறங்கையால் மெல்லத் தடவிப் பார்த்தோம், எறும்பு ஊர்வது போல 'இர்ர்' என்றது. டெஸ்டரை வைத்தால் சிவப்பாக எரிந்தது. மல்ட்டிமீட்டரைக் கொண்டுவந்து தட்டுக்கும் குளியலறைத் தண்ணீர்க் குழாயின் இரும்புத் துண்டுக்கும் இடையில் வைத்தோம். 108 வோல்ட்.

185,000 ரூபாப் பெட்டி வர முதல் அந்தத் தட்டில் இது இருக்கவில்லை. இதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

பவர் கண்டிஷனருக்குள்ளே என்ன இருக்கிறது? பெரும்பாலானவற்றில் இரண்டு விசயம். ஒன்று, கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்டும் பில்டர். மற்றது, வோல்ட்டேஜ் திடீரென்று பாய்ந்தால் அதைத் திருப்பிவிடும் வெரிஸ்டர் என்ற சிறு வட்டத் துண்டுகள், எம்.ஓ.வி. என்பார்கள். பில்டருக்குள் உயிர்க்கம்பியிலிருந்து எர்த்துக்கு ஒரு கொள்ளளவி, நொதுமல் கம்பியிலிருந்து எர்த்துக்கு ஒரு கொள்ளளவி. இரைச்சலை இவை எர்த்துக்குத் தள்ளிவிடும். வெரிஸ்டரும் பாய்ச்சலில் ஒரு பங்கை எர்த்துக்குத்தான் தள்ளும். ஆக, பெட்டி குப்பையைக் கூட்டி ஒரு வாசலால் வெளியே தள்ளுகிறது. வாசல் எர்த் கம்பி.

வாசலே இல்லையென்றால்? இரண்டு கொள்ளளவிகளும் 230 வோல்ட்டை நடுவில் பங்கு போட்டுக்கொள்ளும். நடுப்புள்ளி எங்கே இருக்கிறது? பெட்டியின் இரும்பு உடம்பில். 230-இல் பாதி 115. எங்கள் மீட்டர் காட்டியது 108. பெட்டி பெரிதாக, பில்டர் பெரிதாக, அந்தக் கடி கூடும். அது தட்டோடு இறுக்கப்பட்டிருந்தால் தட்டும் கடிக்கும், தட்டில் இருக்கும் எல்லாச் சாமானும் கடிக்கும். பழைய மல்டி பிளக் இரண்டு கம்பி மட்டும் உள்ள பிளாஸ்டிக் சாமான். அது எதையும் பாதுகாக்கவில்லை, யாரையும் கடிக்கவும் இல்லை.

பயமுறுத்தவில்லை, உள்ளதைச் சொல்கிறோம்: அந்த 'இர்ர்' தனியே ஆளைக் கொல்லாது. கொள்ளளவி ஊடாக வரும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் எர்த் இல்லாத அதே தட்டில் நாளைக்கு ஒரு வயர் தேய்ந்து உயிர்க்கம்பி நேரே இரும்பில் பட்டால் என்ன நடக்கும்? அப்போது கொள்ளளவியும் இல்லை, பாதியும் இல்லை. முழு 230 வோல்ட். துடைத்த தரை, வெறுங்கால், ஒன்பது வயது. அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வராததற்கு இதுதான் காரணம்.

அடுத்த நாள் சுவரில் இருந்த பிளக் பேஸைக் கழற்றினோம் (மெயின் சுவிச்சை விழுத்திவிட்டுத்தான்). பச்சைக் கம்பி முறையாகப் பூட்டப்பட்டிருந்தது. டி.பி. பெட்டியைத் திறந்தால் அங்கேயும் பச்சைக் கம்பிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. வயரிங் செய்தவர் நல்ல வேலைக்காரர். அங்கிருந்து வெளியே போகும் தடித்த பச்சைக் கம்பியைத் தொடர்ந்து போனோம். வீட்டுக்குப் பின்னால் சுவரால் இறங்கி, மூன்று வருடத்துக்கு முதல் முற்றத்துக்குப் பதித்த இன்டர்லொக் கல்லுக்குக் கீழே போனது. இரண்டு கல்லைத் தூக்கிப் பார்த்தால் கம்பி அறுந்து சுருண்டு கிடக்கிறது. எர்த் ரொட் இல்லை. கல் பதிக்க மண் வெட்டியவர்கள் இடைஞ்சலாக இருந்த கம்பி என்று பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். மூன்று வருடம் அந்த வீட்டுக்கு எர்த்தே இல்லை. ஒருவருக்கும் தெரியாது. எர்த் இல்லாவிட்டாலும் லைட் எரியும், ஃபேன் சுற்றும், படம் ஓடும்.

கூடவே ட்ரிப் சுவிச்சையும் பார்த்தோம். 'டீ' என்று எழுதிய சிறு பட்டனை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். அழுத்தினோம், விழவில்லை. வீடு கட்டிய நாளிலிருந்து அதை யாரும் அழுத்தியதில்லை. உள்ளே இறுகிப் போய்விட்டது.

இப்போது அந்த வீட்டின் நிலையை நினைத்துப் பாருங்கள். எர்த் இல்லை. ட்ரிப் வேலை செய்யாது. மேல்மாடியில் 185,000 ரூபாப் பவர் கண்டிஷனர், நீலக் கண்ணாடியில் அழகாக '229' காட்டிக்கொண்டிருக்கிறது.

நிறையப் பேருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, எர்த்தும் மின்சார சபைக் கம்பத்திலிருந்து வருகிறது என்று. எங்கள் வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து வருவது இரண்டு கம்பி, உயிர்க்கம்பியும் நொதுமலும். எர்த்தை நாங்கள்தான் எங்கள் வளவு மண்ணில் அடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே அதற்குப் பொறுப்பும் நாங்கள்தான். ஓ.எல். பிள்ளைகளுக்கு ஓமின் விதி படிப்பிக்கும்போது நாங்கள் போடும் கணக்கு ஒன்று: எர்த் ரொட்டுக்கும் மண்ணுக்கும் இடையில் 20 ஓம் தடை என்று வையுங்கள், அது நல்ல எர்த்தான். உயிர்க்கம்பி இரும்பில் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுக்க 11.5 அம்பியர் ஓடும். பிளக் பேஸுக்கு இருக்கும் சின்ன பிரேக்கர் 16 அல்லது 20 அம்பியர். அது விழாது! இரும்பு உயிரோடுதான் இருக்கும். அதனால்தான் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும் ட்ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும். எர்த்தும் ட்ரிப்பும் கணவன் மனைவி மாதிரி, ஒன்று இல்லாமல் மற்றது தனியே குடும்பம் நடத்த முடியாது.

ட்ரிப் இருக்கிறது, எர்த் இல்லை என்றால்? அப்போதும் ட்ரிப் விழும். ஆனால் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போக ஒரு வழி வேண்டுமே. வழி இல்லாததால் இரும்பு உயிரோடு காத்துக்கொண்டிருக்கும், ஒரு ஆள் வந்து தொடும் வரை. தொட்ட ஆள்தான் வழி. எர்த் இருந்தால் யாரும் தொட முதலே விழுந்திருக்கும்.

படித்தவர்களும் தவறுவது இன்னொன்று. 'டீ' பட்டனை அழுத்தி ட்ரிப் விழுந்தால் எர்த்தும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பட்டன் பெட்டிக்குள்ளேயே ஒரு செயற்கைக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் அறுந்து கிடந்தாலும் அது விழும். எர்த்தை மீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சரி, ரிசீவர் எதனால் செத்தது? இதையும் மச்சான் ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் எடுத்தது. ரிப்பேர் செய்யும் தம்பி திறந்து காட்டினார். மின்சாரம் உள்ளே வரும் பவர் போர்டில் ஒரு கீறல் இல்லை. ஃபியூஸ்கூடப் போகவில்லை. எரிந்திருந்தது எச்.டி.எம்.ஐ. சொக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் சிப். டிஷ் பெட்டியிலும் அதே இடம். மின்னல் கரண்ட் வயரால் வரவே இல்லை. கூரையில் நிற்கும் டிஷ்ஷிலிருந்து கேபிளால் இறங்கி, டிஷ் பெட்டிக்குள் புகுந்து, எச்.டி.எம்.ஐ. வயரால் ரிசீவருக்குப் போயிருக்கிறது. பிளக்கில் எவ்வளவு பெரிய பெட்டியைப் போட்டிருந்தாலும் அந்த ரிசீவர் தப்பியிருக்காது. முன் கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை.

எங்கள் பக்கத்தில் மின்னல் கூடிய காலம் எல்லோருக்கும் தெரியும்: மார்ச் ஏப்ரலும் ஒக்டோபர் நவம்பரும், பின்நேரத்தில். வானம் கறுக்கும்போதே பிளக்கையும் கழற்றி, டிஷ் கேபிளையும் அன்டெனா கேபிளையும் கழற்றி வைப்பதற்கு ஈடான பாதுகாப்பு எந்தக் கடையிலும் இல்லை. சுவிச்சை ஓஃப் பண்ணினால் போதாது. சுவிச்சுக்குள் இருக்கும் சில மில்லிமீற்றர் இடைவெளி, வானத்திலிருந்து வந்த மின்னலுக்கு ஒரு தடையே இல்லை. தலைக்கு மேலே இடி இடிக்கத் தொடங்கிய பின் ஓடிப்போய்க் கழற்றவும் வேண்டாம். அந்த நேரம் சாமான் போனால் போகட்டும்.

அடுத்த பெரிய எதிரி நொதுமல் அறுதல். காற்றில் தென்னோலை விழுந்து வெளி வயரில் நொதுமல் மட்டும் அறுந்தால் அந்தத் தெருவின் வோல்ட்டேஜ் தாறுமாறாகும். கம்பத்தில் ஓடும் மூன்று உயிர்க்கம்பிகளில் எந்த இரண்டுக்கும் இடையில் 400 வோல்ட் இருக்கிறது. நொதுமல் இல்லாமல் போனால் இரண்டு வெவ்வேறு உயிர்க்கம்பியில் உள்ள வீடுகள் அந்த 400-ஐப் பங்கு போடும். ஒரு வீட்டில் லைட் மங்கும், அடுத்த வீட்டில் 300-க்கு மேலே ஏறி ஃபேன் பறக்கும். ஒரே இரவில் ஒரு தெருவில் ஐந்தாறு டீவி எரிந்த கதையை எல்லா ஊரிலும் கேட்டிருப்பீர்கள். இதில்தான் சாதாரண சேர்ஜ் புரொடெக்டர் ஏமாற்றும். வெரிஸ்டர் என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வரும் பாய்ச்சலைத் தாங்கச் செய்தது. 330 வோல்ட் ஐந்து நிமிடம் நின்றால் அது சூடாகி, புகைந்து, அதுவே தீப்பிடிக்கவும் கூடும். இதற்கு வேண்டியது வோல்ட்டேஜ் எல்லை தாண்டியதும் இணைப்பையே துண்டிக்கும் ரிலே. டி.பி. பெட்டியிலேயே பூட்டும் மாதிரி வருகிறது, சில ஆயிரம் ரூபா. முழு வீட்டையும், குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டர் உட்பட, அது காக்கும். எங்களைக் கேட்டால், எந்தக் கண்டிஷனருக்கும் முதல் இதைத்தான் போடுங்கள் என்போம். அதற்கும் முதல் எர்த்.

"அப்ப பவர் கண்டிஷனரே வேணாமா சேர்?"

அப்படிச் சொல்லவில்லை. மாற்ற நியாயமான காரணங்கள் இருக்கின்றன. வெரிஸ்டர் ஒவ்வொரு பாய்ச்சலையும் வாங்கி வாங்கித் தேயும் சாமான். பெட்டியில் 'பாதுகாப்பு உண்டு' என்று காட்டும் சிறு லைட் அணைந்திருந்தால் அது இப்போது வெறும் மல்டி பிளக். கட்டாயம் மாற்றுங்கள். ஏழெட்டு வருடம் இடி மழை கண்ட பெட்டிக்கு லைட் எரிந்தாலும் ஓய்வு கொடுப்பது நல்லது. சாமான் கூடிப்போய்ப் பெட்டியின் அளவைத் தாண்டியிருந்தாலும் மாற்றலாம். ஆனால் கணக்குப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். 10 அம்பியர் என்றால் 2,300 வோல்ட் அம்பியர். ஒரு பெரிய டீவியும் ரிசீவரும் சப்வூஃபரும் சேர்ந்து நாங்கள் வீட்டில் கேட்கும் சத்தத்துக்குச் சில நூறு வொட்தான் இழுக்கும். 20 அம்பியர் பெட்டி வாங்குவது ஐந்து பேர் குடும்பத்துக்குக் கந்தூரிச் சட்டி வாங்குவது போல.

வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். அமெரிக்காவுக்குச் செய்த நல்ல பெட்டிகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். அவை 120 வோல்ட்டுக்கானவை. இங்கே செருகிய அடுத்த கணம் வெரிஸ்டர் வெடிக்கும். எங்கள் வாப்பாமார் காலத்தில் சவூதியிலிருந்து கொண்டுவந்த செட்டுகள் நினைவிருக்கிறதா? அங்கே அப்போது வீடுகளில் 127 வோல்ட். அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கனத்த ட்ரான்ஸ்போமர் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு கிடக்கும். இன்னும் சில வீடுகளில் கிடக்கிறது. அவற்றில் பல, உள்வரும் கரண்டும் வெளிப்போகும் கரண்டும் ஒரே சுருளைப் பகிரும் வகை. சுருள் ஓரிடத்தில் அறுந்தால் 230 முழுவதும் அந்தப் பக்கம் போய்விடும். பழைய செட்டின் பாசத்தில் அதை இன்னும் ஓட்டுபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெபிலைசரும் கண்டிஷனரும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இன்றைய டீவிகளின் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும் (இல்லாவிட்டால் பார்த்துக்கொள்ளுங்கள்). வோல்ட்டேஜ் 190-க்கு இறங்கினால் டீவிக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் காசுக்கு குளிர்சாதனப் பெட்டிக்கு ஸ்டெபிலைசர் போடுங்கள், அதன் மோட்டர்தான் குறைந்த வோல்ட்டேஜில் சூடாகிச் சாகும்.

இனி சத்தம். கண்டிஷனர் மாற்றினால் பாஸ் இறுகும், பாடகரின் மூச்சுக் கேட்கும் என்பார்கள். எங்கள் கருத்து வேறு. எம்ப்ளிஃபயர் சுவரிலிருந்து வரும் கரண்டை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. உள்ளே அதை நேரோட்டமாக்கி, பெரிய கொள்ளளவிகளில் சேர்த்து வைத்துத்தான் பாவிக்கிறது. கரண்டில் இரைச்சல் அவ்வளவு மோசமாக இருந்தாலொழிய வித்தியாசம் காதுக்கு எட்டுவது அரிது. மச்சான் கேட்கிறது என்கிறார். நாங்கள் ஒருநாள் அவர் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிய நேரம் பெட்டியைக் கழற்றி நேரே சுவரில் செருகிவிட்டோம். வந்து இருந்து, "பாத்தீங்களா, என்ன தெளிவு" என்றார். ராத்தா சிரித்துக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் வாங்கிய மலிவு இன்வேர்ட்டர்களில் ஓட்டினால் மட்டும் வித்தியாசம் உண்மையிலேயே கேட்கும். அவற்றின் கரண்ட் அலை படிக்கட்டு மாதிரி, ட்ரான்ஸ்போமர் உள்ள எம்ப்ளிஃபயர் முரலும். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுவதும் இருண்டது நினைவிருக்கும். அப்படிப் போய் வரும் நாட்களில் கரண்ட் வந்தவுடனே எல்லாவற்றையும் போட்டுவிடாமல் சில நிமிடம் பொறுத்துப் போடுங்கள். செலவே இல்லாத கண்டிஷனர்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்டால் பெரும்பாலும் அது டிஷ் கேபிளாலும் பிளக்காலும் எர்த் இரண்டு வழியில் வருவதால் உண்டாவது. கேபிளுக்கு இடையில் போடும் சிறிய ஐசொலேட்டரோடு தீரும். இங்கேதான் எங்கள் ஊரில் ஒரு பயங்கரமான வைத்தியம் நடக்கிறது: பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடுவது, அல்லது பிளக்குக்குள் பச்சைக் கம்பியைக் கழற்றிவிடுவது. முனகல் நின்றுவிடும். செய்தவருக்குக் 'கெட்டிக்காரன்' என்று பெயரும் வரும்.

ஒரு பள்ளிவாசலில், எது என்று வேண்டாம், தராவீஹ் நேரம் மைக் உதட்டில் சுள்ளென்று அடிக்கிறது என்று இமாம் இரண்டு வருடமாக மைக்குக்கு ஸ்பொஞ்ச் உறை போட்டு ஓதிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் எம்ப்ளிஃபயர் பிளக்கில் பச்சைக் கம்பி கழற்றி டேப் சுற்றப்பட்டிருந்தது. வுழூச் செய்து ஈரக் கையோடு வருபவர்கள் நிறைந்த இடம் அது. அந்த நிர்வாகமும் புது எம்ப்ளிஃபயர் வாங்க வசூல் தொடங்கியிருந்தது.

மச்சான் வீட்டுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அனுமதிப்பத்திரம் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்தோம். இதை யூடியூப் பார்த்து நாமே செய்யக்கூடாது. எங்கள் கரையோர மண்ணில் ஒரு சிக்கல் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல் மணல் பொரிந்து காய்ந்து கிடக்கும், காய்ந்த மணல் கரண்டை வாங்காது. நான்கடி ரொட் ஒன்றை அடித்துவிட்டுப் போனால் மாரியில் நல்ல எர்த், கோடையில் ஒன்றுமில்லை. அதனால் இரண்டு ரொட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் பூட்டி, கீழே ஈர மண் வரை இறக்கினார். உடுப்புக் கழுவும் தண்ணீர் வடியும் மூலையில் அடித்ததால் மேலேயும் ஈரம். மேல் மூடிக்குச் சிறு சீமெந்துப் பெட்டி ஒன்று கட்டினோம், இனி ஒருவரும் தெரியாமல் பிடுங்கக் கூடாதென்று. புது ட்ரிப் சுவிச், வோல்ட்டேஜ் துண்டிக்கும் ரிலே, கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபா. அளந்தபோது எர்த் 31 ஓம் காட்டியது. தட்டில் வோல்ட்டேஜ் பூச்சியம். பவர் கண்டிஷனர் அன்றுதான் முதல்முறையாக வேலை செய்யத் தொடங்கியது என்று சொல்லலாம்.

13 அம்பியர் சதுர முள் பிளக் பேஸில் இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக எர்த் ஓட்டைக்குள் பேனையால் குத்தும் பழக்கம் எங்கள் வகுப்பறைகளிலேயே இருக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, ஆசிரியர் ஓய்வறையில் கேத்தலுக்கு நாங்களும் அப்படித்தான் செய்துவந்தோம். கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் வீட்டு மின்சுற்றுப் பாடத்துக்கு அட்டையில் அழகாகப் படம் வரைந்து புள்ளி வாங்கியவர்கள் நாங்கள். அந்தப் படத்தில் எர்த் கம்பி பச்சை மையால் மண்ணுக்குள் போய் முடியும். நிஜத்தில் அது எங்கே முடிகிறது என்று எந்தக் கட்டடத்திலும் போய்ப் பார்த்ததில்லை.

பெருநாள் லீவு முடிந்து போனதும் பாடசாலையின் ஸ்மார்ட் வகுப்பறையைப் பார்த்தோம். அங்கேயும் பழைய மாணவர்கள் அன்பளிப்புச் செய்த நல்ல கண்டிஷனர் ஒன்று இருக்கிறது, கொடுத்தவர்களின் பெயர் பித்தளைத் தகட்டில். இந்த வருடம் அதைவிடப் பெரிதாக மாற்றித் தருவதாக வெளிநாட்டிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். அளந்து பார்த்தோம், அந்தக் கட்டடத்துக்கும் எர்த் சரியில்லை. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, அந்தக் காசில் முதலில் எர்த்தும் ட்ரிப்பும் போடுவோம், கண்டிஷனர் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று சொன்னோம். ஒரு ஹாஜியார் நியாயமாகத்தான் கேட்டார்: "சேர், மண்ணுக்குள்ள போற கம்பிக்கு யார் காசி தருவாங்க? போட்டோ எடுத்து அனுப்ப என்ன இருக்கு?"

அதனால் நாங்களே அந்த போட்டோவை எடுத்து இத்தோடு போட்டிருக்கிறோம். இடப்பக்கம் மச்சான் வளவில் கல்லுக்குக் கீழே கிடந்த அறுந்த கம்பி. வலப்பக்கம் புது ரொட்டின் தலை, சீமெந்துப் பெட்டிக்குள். பாடசாலைக் கட்டடத்துக்கு எலெக்ட்ரீஷியன் தந்த கணக்கு 62,000 ரூபா. எங்கள் ஆசிரியர்கள் ஏழு பேர் சேர்ந்து இதுவரை 21,000 போட்டிருக்கிறோம். மீதிக்கு அதிபரிடம் பேசுங்கள், ரசீது தருவார்.